அடுப்பில்லாத அறை, ஐயாயிரம் ரூபாய்

கேள்வி: எனக்கு 24 வயது. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, கோவை கணபதியில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தில் ஒன்றரை ஆண்டாக வேலை பார்க்கிறேன். சம்பளம் 18,000 ரூபாய். மூன்று பேர் ஒரே அறையில் தங்கியிருக்கிறோம். கேஸ் அடுப்பு வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஒரு மின்சாரக் கெட்டில் மட்டும் இருக்கிறது, ஃபிரிட்ஜ் கிடையாது. காலையில் டீயும் பன்னும், மதியம் பிரியாணி அல்லது லெமன் சாதம், இரவில் பரோட்டா. இடையிடையே டீயும் வடையும். இதற்கே மாதம் 6,500 ரூபாய் ஆகிறது. நிறுவனத்தில் நடந்த மருத்துவ முகாமில் எடை 62 கிலோ, ஹீமோகுளோபின் 11.2 என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றைப் பிரட்டியதால் நான்கு நாளில் நிறுத்திவிட்டேன். மலச்சிக்கலும் இருக்கிறது. அறை நண்பர் 1,800 ரூபாய்க்குப் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார். சாப்பாட்டுச் செலவை 5,000 ரூபாய்க்குள் நிறுத்தி, உடம்பையும் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறதா? ஊரிலிருந்து வரும்போதெல்லாம் அம்மா முறுக்கும் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறார். வேறு எதையாவது கேட்டு வாங்கி வரலாமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

சாப்பாட்டுக் கணக்குக்கு நடுவே, போகிற போக்கில் 11.2 என்று ஓர் எண்ணை எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். பெண்களுக்கு மாதந்தோறும் ரத்தம் போகிறது. அதற்கு ஈடான சாப்பாடு இல்லையென்றால் அளவு இறங்குவது எளிதில் விளங்கும். 24 வயது ஆணுக்கு இவ்வளவு இறங்கியிருக்கும்போது, பழியைப் பரோட்டாவின் மேல் மட்டும் போட்டுவிட்டு நான் உணவுப் பட்டியல் எழுதித் தருவது சரியாகாது. மூல நோயால் சிறிது சிறிதாக ரத்தம் கசிவது, வயிற்றுப் புண், வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களின் பாதத்தோல் வழியே நுழைந்து குடலில் தங்கும் கொக்கிப்புழு ஆகியவை இல்லையென்று ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மலச்சிக்கல் இருப்பதாக எழுதிய நீங்கள், மலத்தோடு ரத்தம் வருகிறதா என்பதை எழுதவில்லை. என் முன்னால் வந்து உட்காரும் இளைஞர்களும் அதை நான் மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் சொல்வார்கள். நீங்கள் மருத்துவரிடம் முதல் முறையே சொல்லிவிடுங்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வருவார்கள். உங்கள் சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்களுக்குரிய இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும், அங்கிருந்து அனுப்பினால் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் கைக்காசு செலவில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்; இல்லாவிட்டால் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வயிறு பிரட்டுபவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் அளவையோ வகையையோ மருத்துவர் மாற்றித் தருவார். டீயோடு மட்டும் போடக் கூடாது. மாத்திரை போடும் நாட்களில் மலம் கறுப்பாகப் போவது இயல்புதான். மாத்திரை இல்லாத நாட்களில் தார் போலக் கறுத்து, ஒட்டும்படி போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உணவால் இரும்புச்சத்து ஏறும், ஆனால் மெதுவாகத்தான் ஏறும், 11.2ஐ உணவால் மட்டுமே மேலே கொண்டுவருவேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். உங்கள் ஒரு நாளை எழுதிப் பார்த்தால் பன், வடை, சோறு, பரோட்டா என்று மாவும் எண்ணெயுமாகவே போகிறது. உங்கள் அறையில் அடுப்பு இல்லாததை நீங்கள் பெரிய குறையாக எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் குறை வேறு இடத்தில் இருக்கிறது. இட்லியும் சோறும் சப்பாத்தியும் வெளியில் மலிவாகவே கிடைக்கின்றன; மூன்று பேருக்காக ஒருவர் அடுப்பைக் கட்டிக்கொண்டு நின்று அவற்றைச் சமைத்தால் மிச்சமாகும் காசு அதிகமில்லை. ஆனால் குறைந்த விலைக்குச் சாப்பாடு போடும் கடைக்காரர் எங்கே கையை இறுக்குவார் என்று யோசித்துப் பாருங்கள். சோற்றில் இறுக்க மாட்டார். வயிறு நிறையவில்லையென்றால் ஆள் திரும்பி வர மாட்டார். சாம்பாரில் பருப்பு குறையும், பொரியல் ஒரு கரண்டியோடு நிற்கும், கீரை வாரத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கும், பழம் வரவே வராது. ஆகவே சோற்றைக் கடையில் வாங்குங்கள். பயறு, முட்டை, காய், பழம் ஆகிய நான்கையும் உங்கள் அறையில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நான்குக்கும் நெருப்பு அதிகம் வேண்டியதில்லை, கெட்டில் போதும்.

புரதக் கணக்கை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் புரோட்டீன் பவுடர் கேள்வியும் அதற்குள் அடங்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த அளவின்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 62 கிலோவுக்கு அது ஏறத்தாழ 51 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம், 50 கிராம் பச்சைப்பயற்றில் 11 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில், அதாவது 30 கிராமில் 7 கிராம், கால் லிட்டர் பாலில் 8 கிராம், கூட்டினால் 38. நீங்கள் எப்படியும் சாப்பிடப் போகிற சோறும் இட்லியும் அவலும் சேர்ந்து 20 கிராமாவது கொடுத்துவிடும். 51ஐத் தாண்டிவிட்டோம், டப்பா எதையும் திறக்கவில்லை. முட்டை ஏழு ரூபாய் என்று வைத்தால் 1,800 ரூபாய்க்கு 250 முட்டைக்கு மேல் வரும். நாளுக்கு இரண்டு என்றால் நான்கு மாதம் ஓடும். உங்கள் நண்பர் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவராக இருக்கலாம், அவர் கணக்கு அவருக்கு. உங்களுக்கு அது வேண்டாம்.

முட்டையைக் கெட்டிலில் வேகவைப்பதைப் பலர் தவறாகச் செய்து, பாதி வெந்த முட்டையோடு வந்து என்னிடம் குறைப்படுகிறார்கள். முட்டையின் மேல்தோட்டைக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். கெட்டிலில் முட்டையை மெதுவாக வைத்து, அது முழுகும் அளவுக்குப் பச்சைத்தண்ணீர் ஊற்றிச் சுவிட்சைப் போடுங்கள். கொதி வந்ததும் கெட்டில் தானாக நின்றுவிடும். அப்போது மூடியைத் திறக்கக் கூடாது, திரும்பச் சுவிட்சைப் போடவும் வேண்டாம். அப்படியே 15 நிமிடம் விட்டுவிட்டுக் குளித்து வந்தால், மஞ்சள் கரு மாவு போல உதிரும் அளவுக்கு வெந்திருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கெட்டிலைக் கழுவிவிடுங்கள், அதிலேயே டீ போட வேண்டாம். ஃபிரிட்ஜ் இல்லாததால் அட்டை அட்டையாக வாங்காமல், ஒரு வாரத்துக்குள் தீரும்படி பன்னிரண்டு, பதினைந்து என்று வாங்கி, வெயில் படாத மூலையில் வையுங்கள். சந்தேகம் வந்தால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதக்கும் முட்டையைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான்.

சாதாரணக் கெட்டிலில் பாலையும் பருப்பையும் போடக் கூடாது. பால் அடியில் பிடித்துப் பொங்கி வெளியே வழியும், வழிந்தது மின்சாரம் வரும் இடத்தில் இறங்கும். கடைகளில் இப்போது வாய் அகன்ற, எவர்சில்வர் உட்பாத்திரமும் கண்ணாடி மூடியும் உள்ள ‘மல்ட்டி கெட்டில்’ 1,200 ரூபாய் அளவில் கிடைக்கிறது. அதில் பால் காய்ச்சலாம், சோறு வடிக்கலாம், கீரை வேகவைக்கலாம். மூன்று பேரும் ஆளுக்கு 400 போட்டு ஒன்று வாங்குங்கள். வாங்குவதற்கு முன் அடியில் எழுதியிருக்கும் வாட்டைப் படியுங்கள். 1,500 வாட் கெட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சுவரிலிருக்கும் சிறிய பிளக் 6 ஆம்பியருக்கானது. 600 முதல் 1,000 வாட் வரை உள்ளதாகப் பார்த்து எடுத்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாமல் நேரே சுவரில் செருகுங்கள். வீட்டுக்காரரிடமும் மறைக்க வேண்டாம். அவருக்குப் பயம் கேஸ் சிலிண்டர் மேல்தான் இருக்கும்; கெட்டிலைக் காட்டிச் சொன்னால், கரண்டுக்கு மாதம் ஐம்பதோ நூறோ கூட்டிக் கேட்டுவிட்டு ஒத்துக்கொள்பவர்களே அதிகம். நான் விடுதியில் படித்த காலத்தில், வாளித் தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் கம்பியைச் சொம்புக்குள் விட்டு முட்டை அவித்த தோழி ஒருத்தி இருந்தாள். ஒரு நாள் ஷாக் அடித்துக் கட்டிலில் போய் விழுந்தாள். அந்தக் கம்பியை மட்டும் சாப்பாட்டுப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

பயற்றுக்கு நான் சொல்லும் கருவி ஃபிளாஸ்க். உள்ளே கண்ணாடி இல்லாத, அரை லிட்டர் எவர்சில்வர் ஃபிளாஸ்க்காக இருக்கட்டும். 50 கிராம் பச்சைப்பயற்றை இரவு கழுவி ஊறப்போடுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து ஜன்னல் ஓரம் தொங்கவிட்டுவிட்டு வேலைக்குப் போங்கள். கோவையின் வெக்கைக்கு மாலை ஆறு மணிக்குள் சிறு முளை எட்டிப் பார்த்திருக்கும். முளைத்த பயற்றைப் பச்சையாகத் தின்பது நல்லதென்று பரவலாகச் சொல்கிறார்கள், நான் சொல்ல மாட்டேன். முளை விடும் அதே ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடிக்கும். கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, முதலில் ஃபிளாஸ்க்கில் கொஞ்சம் ஊற்றி, குலுக்கி, கொட்டிவிடுங்கள். இல்லையென்றால் குளிர்ந்த ஃபிளாஸ்க் பாதிச் சூட்டைக் குடித்துவிடும். இப்போது அலசிய பயற்றைப் போட்டு, திரும்பக் கொதிக்க வைத்த தண்ணீரைக் கழுத்துவரை ஊற்றி இறுக மூடுங்கள். இரண்டு மணி நேரத்தில், விரலிடுக்கில் வைத்து அழுத்தினால் நசுங்கும் பதத்துக்கு வந்துவிடும். வடித்து, நறுக்கிய சின்ன வெங்காயம், தக்காளி, துருவிய கேரட், கொத்தமல்லித்தழை, உப்பு சேர்த்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்தால் இரவுச் சாப்பாட்டின் பெரும்பகுதி முடிந்தது. திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். காலையில் ஊற்றி வைத்து மறந்துபோய் இரவில் வெதுவெதுப்பாகத் திறந்தால் அதைக் கொட்டிவிடுங்கள், பத்து ரூபாய்க்காக வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தோல் நீக்கிய பாசிப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்தாலே இதே முறையில் குழைந்துவிடும். கொண்டைக்கடலைக்கு ஃபிளாஸ்க்கின் சூடு போதாது. ராஜ்மாவை ஃபிளாஸ்க்கில் போடவே கூடாது. அதிலுள்ள ஒரு நச்சுப் புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அழியும், அரைகுறைச் சூட்டில் வாந்தியும் பேதியும் வரும். கொண்டைக்கடலை ஆசை வந்தால் மாலையில் தள்ளுவண்டியில் சுண்டல் வாங்கித் தின்னுங்கள். வடைக்குக் கொடுக்கும் காசுக்கு அது எவ்வளவோ மேல்.

அந்த எலுமிச்சையைச் சுவைக்காக மட்டும் சொல்லவில்லை. பயற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் எளிதாக ஒட்டாத வகை. அதோடு வைட்டமின் சி போய்ச் சேர்ந்தால் கூடுதலாக ஒட்டும், டீ போய்ச் சேர்ந்தால் குறைவாக ஒட்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம். நாளுக்கு நான்கு டீ குடிப்பவரை நிறுத்தச் சொன்னால் அடுத்த முறை என்னைப் பார்க்கவே வர மாட்டார்; ஆகவே நான்கை ஒன்றாகவோ இரண்டாகவோ குறைத்து, அதையும் பத்தரைக்கும் நாலரைக்கும் தள்ளுங்கள் என்கிறேன். நெல்லிக்காயும் கொய்யாவும் வைட்டமின் சி மலிந்தவை. கொய்யா மலச்சிக்கலுக்கும் ஆகும். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பது நிறத்தைப் பார்த்துப் பிறந்த நம்பிக்கை. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்பு கூட இல்லை. நல்ல காய்தான், ரத்தத்துக்கென்று அதைத் தேடி அலைய வேண்டாம். நீங்கள் அசைவம் சாப்பிடுபவர். வாரம் ஒரு முறை ஈரல் சாப்பிடுங்கள். அதிலுள்ள இரும்பு நேராக ஒட்டும் வகை. கோழி ஈரல் கறிக்கடையில் கறியைவிட மலிவு, ஞாயிற்றுக்கிழமை மல்ட்டி கெட்டிலில் மிளகும் வெங்காயமும் போட்டு உள்ளே சிவப்பு மறையும்வரை வேகவிட்டால் போதும். வட்டிலில் ரத்தப் பொரியல் வைக்கும் அசைவ மெஸ்கள் இன்னும் சில இருக்கின்றன. பிடித்தால் அதையும் கூச்சமில்லாமல் வாங்கிச் சாப்பிடலாம்.

காலைக்கு அவல். கெட்டி அவலைக் கழுவி, மூழ்க மூழ்கத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் வைத்தால் பூவாக ஊறிவிடும். வாழைப்பழத்தைப் பிசைந்து வேர்க்கடலையைத் தூவி ஒரு நாள், வெங்காயமும் தயிரும் சேர்த்து ஒரு நாள், வெல்லமும் தேங்காய்ச் சில்லுமாக ஒரு நாள் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஓட்ஸ் டப்பாவுக்குக் கொடுக்கும் காசு மிச்சம். வேர்க்கடலையைத் தோலோடு வறுத்ததாக வாங்குங்கள். கறுத்ததோ, பூஞ்சை படிந்ததோ, கசப்பதோ ஒன்று வாயில் பட்டாலும் துப்பிவிட வேண்டும். அம்மா உணவகம் நீங்கள் போகும் வழியில் இருந்தால் வாரத்தில் இரண்டு நாள் அங்கே போகலாம்: 2013இல் தொடங்கியபோது வைத்த விலைதான், இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதமும் பொங்கலும் ஐந்து, தயிர் சாதம் மூன்று. நான்கு இட்லியோடு நீங்கள் அவித்து எடுத்துப்போன முட்டையைச் சேர்த்தால் பதினோரு ரூபாயில் ஒரு நல்ல காலைச் சாப்பாடு.

மதியத்துக்குப் பிரியாணியை விட்டு, சாப்பாடு போடும் சிறிய மெஸ் ஒன்றை வாடிக்கையாக்குங்கள். தினமும் போகிற இடத்தில் உரிமையோடு பேசலாம். “அண்ணா, சோறு போதும், கூட்டு இன்னொரு கரண்டி வைங்க” என்று கேட்டு வாங்குபவருக்கும், வைத்ததைத் தின்றுவிட்டு எழுந்து போகிறவருக்கும் ஒரே இலையில் பாதிக்குப் பாதி வித்தியாசம் இருக்கும். கொங்கு நாட்டு மெஸ்களில் கொள்ளு ரசமும் கொள்ளுப் பருப்பும் வைக்கும் நாட்கள் உண்டு. எந்தக் கிழமை என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பளமும் ஊறுகாயும் உப்பை ஏற்றுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. சாலையோரக் கம்மங்கூழ் மோரோடு கிடைத்தால் வெயில் காலத்தில் மாலை நேரத்துக்கு நல்லது. தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார், சொம்பை எப்படிக் கழுவுகிறார் என்று ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இயந்திரத்தின் முன்னால் நின்று வேலை செய்கிற உடம்பு உங்களுடையது. இவ்வளவுக்குப் பிறகும் பசித்தால் இரண்டு இட்லி கூடச் சாப்பிடுங்கள், பசியைத் தண்ணீர் குடித்து அடக்க வேண்டாம்.

கெட்டில் இருக்கும் அறையில் நூடுல்ஸ் பாக்கெட்டும் இருக்கும் என்பது என் அனுபவம், நீங்கள் எழுதாவிட்டாலும். பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்புதான் மேல்வரம்பு. பல பாக்கெட்டுகள் ஒன்றே அதில் பாதியை நெருங்கிவிடும். வேறு வழியில்லாத இரவில் மசாலாவில் பாதியை மட்டும் போட்டு, கேரட்டும் அவித்த முட்டையும் சேர்த்துச் சாப்பிடலாம். பரோட்டாவையும் வாரம் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், முற்றாக விடச் சொல்லவில்லை.

காய்க்கும் கீரைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் உழவர் சந்தைக்குப் போய் வாருங்கள். விலைப்பலகை வாசலிலேயே இருக்கும், எடையிலும் பயமில்லை. ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் தாங்கும் காய் எது என்று பார்த்து வாங்க வேண்டும். கேரட், முள்ளங்கி, வெங்காயம், எலுமிச்சை, சற்றுக் காயான தக்காளி ஆகியவை நான்கைந்து நாள் நிற்கும். வெள்ளரியை இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். முருங்கைக்கீரையை அன்றைக்கே உருவி, மல்ட்டி கெட்டிலில் பாசிப்பருப்போடு சேர்த்து வேகவைத்துவிடுங்கள். மூன்று பேர் பங்கு போட்டு வாங்கினால் எதுவும் வாடிப்போகாது. பாலும் அப்படித்தான்: நீல நிற ஆவின் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய், இருவர் பகிர்ந்தால் ஆளுக்குக் கால் லிட்டர், வாங்கியதும் காய்ச்சி அப்போதே குடித்துவிட வேண்டும்.

பணக் கணக்கு இப்படி வரும். காலைக்கு அவல், வேர்க்கடலை, வாழைப்பழம், ஒரு முட்டை சேர்த்து 25 ரூபாய், மதியம் மெஸ் 80, ஒரு டீ 12, இரவுக்குப் பயறு 7, முட்டை 7, காய்கறி எலுமிச்சை 12, வெளியில் வாங்கும் இட்லி அல்லது சப்பாத்தி 20, பால் 10. மொத்தம் 173. வேலை நாள் 26க்கு ஏறத்தாழ 4,500. ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் சேர்ந்து அறையிலேயே சோறும் பருப்பும் ஈரலும் சமைத்தால் ஆளுக்கு 110க்குள் அடங்கும், நான்கு ஞாயிறுக்கு 440. மாதம் 4,940. அம்மா உணவகத்துக்குப் போகும் நாட்களில் மிச்சமாவதைக் கொய்யாவுக்கும் இரண்டாவது டீக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கடை விலை மாறும், உங்கள் தெரு விலையைப் போட்டு ஒரு முறை நீங்களே கூட்டிப் பாருங்கள். முதல் மாதம் மட்டும் கெட்டிலும் ஃபிளாஸ்க்கும் சேர்ந்து 5,000க்கு மேலே இழுத்துவிடும். நீங்கள் இப்போது செலவழிக்கும் 6,500ஐ அப்போதும் தாண்டாது.

அம்மா கொடுத்தனுப்புவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊறுகாய்க்குப் பதிலாகப் பருப்புப்பொடி கேளுங்கள். ரேஷன் கடையில், சிறப்புப் பொது விநியோகத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் குடும்ப அட்டைக்குக் கிடைக்கிறது. வீட்டில் அது இருக்கும். அரைக் கிலோ துவரம்பருப்பு, கால் கிலோ பொட்டுக்கடலை, ஒரு பிடி கொள்ளு, மிளகு, சீரகம், காய்ந்த மிளகாய் ஆகியவற்றைத் தனித்தனியாக வறுத்து, நிழலில் காயவைத்த முருங்கைக்கீரையையும் கறிவேப்பிலையையும் கடைசியில் சூட்டோடு புரட்டி, உப்பைக் கை குறைவாகப் போட்டு அரைக்கச் சொல்லுங்கள். தோட்டத்திலோ பக்கத்து வீட்டிலோ முருங்கை இல்லாத கிராமம் உங்கள் பக்கம் இருக்காது. மெஸ் சோற்றில் முதல் பிடிக்கும், இட்லிக்கும், அவலுக்கும் இந்தப் பொடியும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் போதும். முற்றிலும் ஆறிய பிறகே பாட்டிலில் போட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடாமலிருந்தால் ஒன்றரை மாதம் கெடாது. மூன்று பேர் இருக்கும் அறையில் அதுவரை மிஞ்சுமா என்பது வேறு விஷயம், இரண்டு பாட்டிலாகவே கேட்டு வாங்கி வாருங்கள்.